அட்மிரலும் கொமடோரும் ஒரு கம்பளமும்

எனக்கு முயல் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவள் நான். ஓரிடத்தில் அடங்கி இருக்காத எதையும் எனக்குப் பிடிக்காது. ஆனால் என் அக்கா அருள்மலரின் புருஷன் இக்னேசியஸ் அத்தானைப் பற்றி எழுத உட்கார்ந்தால், முயலை விட்டுவிட்டு எழுத வழியில்லை.

அத்தான் சமையற்காரர். திருகோணமலைக் கப்பற்படை டொக்யார்ட்டுக்குள் வெள்ளைக்கார அதிகாரிகளின் குசினியில் இருபத்திரண்டு வருடம் நின்றவர். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. சாப்பாடு முடிந்து வருகிற பீங்கான்களைக் கழுவப் போடமுன் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். எதை மிச்சம் விட்டிருக்கிறார்கள், எதை ஓரத்தில் ஒதுக்கியிருக்கிறார்கள், எதை வழித்துத் தின்றிருக்கிறார்கள் என்று பார்த்து, அடுத்த நாள் சமையலை அதற்கேற்ப மாற்றுவார். “வாயைத் திறந்து கேக்கமாட்டினம். பீங்கான் சொல்லும்” என்பார். வீட்டிலும் அப்படித்தான். நான் ஒரு நாள் கத்தரிக்காயை ஒதுக்கிவைத்தேன். அதற்குப் பிறகு என் பீங்கானில் கத்தரிக்காய் விழவே இல்லை.

ஐம்பத்தேழாம் ஆண்டு ஐப்பசியில் வெள்ளைக்காரக் கப்பற்படை மூட்டை கட்டியது. அத்தானின் வேலையும் அதோடு போனது. அவர் சமைத்துப்போட்ட வீட்டுத் துரைசாணி கப்பலேறமுன் வேலையாட்களைக் கூப்பிட்டு, வேண்டியதைக் கேளுங்கள் என்றாளாம். ஒருவர் அலுமாரியைக் கேட்டார். ஒருவர் கிராமபோனைக் கேட்டார். தோட்டக்காரர் குளிர்ப்பெட்டியைக் கேட்டார், அவர் வீட்டில் மின்சாரம் இல்லை என்பது வேறு விஷயம். எங்கள் அத்தான் அவள் வளர்த்த இரண்டு முயல்களைக் கேட்டார்.

“ஏன் அத்தான் அதைப் போய்க் கேட்டீங்கள்?” என்று பின்னர் சண்டை பிடித்தேன்.

“அதுகளை ஒருத்தரும் கேக்கேல்லை, றோஸ்.”

துரைசாணிக்குக் கண் கலங்கிவிட்டதாம். முயல்கள் மாறி மாறிப் படுத்துப் பழகியது என்று சொல்லி, மண்டபத்தில் விரித்திருந்த கம்பளத்தையும் சுருட்டிக் கொடுத்துவிட்டாள். மாட்டுவண்டியில் வந்து இறங்கியவற்றில் முயல்களைப் பார்த்து அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கம்பளத்தைப் பார்த்ததும் அதன்மேல் சம்மணம் கட்டி உட்கார்ந்துவிட்டாள். சிவப்புக் கம்பளி, ஓரமெல்லாம் நீலப் பூ, இரண்டு தலைப்பிலும் குஞ்சம். எங்கள் தெருவில் அப்படியொரு பொருள் அதற்குமுன் வந்ததில்லை.

முயல்களுக்குத் துரைசாணி வைத்தது கப்பற்படைப் பெரும் பதவிப் பெயர்கள்: அட்மிரல், கொமடோர். அட்மிரல் வெள்ளை, பருத்தது. கொமடோர் சாம்பல். இரண்டுமே ஆண், கடுவன் முயல், சேர்த்து விட்டால் சண்டை பிடிக்கும் என்று தனித்தனிக் கூட்டில் வைத்திருந்தாள். கூடுகள் அரசாங்கச் சொத்தென்று டொக்யார்ட்டிலேயே நின்றுவிட்டன. எங்கள் வீட்டில் அவை ஒன்றாகத்தான் திரிந்தன. சண்டை ஒன்றையும் காணவில்லை. அட்மிரலையும் கொமடோரையும் தூக்கிக் கவிழ்த்துச் சோதித்துப் பார்க்கிற துணிவு யாருக்கு வரும்?

வாடை மழை தொடங்கிவிட்டது. முற்றத்தில் வெள்ளம், வேலிக்கு வெளியே நாய்கள். ஆகவே முயல்கள் இருந்தது முன்னறையில், கம்பளம் விரித்திருந்த அதே அறையில். முதற்கிழமையே அட்மிரல் ஒரு பக்கக் குஞ்சத்தைக் கத்தரித்து முடித்தது. கொமடோர் அலுமாரிக்குப் பின்னால் போன கம்பள மூலையை இரண்டு முன்னங்காலாலும் வறட்டு வறட்டென்று பிறாண்டியது.

அக்கா அழுதேவிட்டாள். அதற்குக் காரணம் இருந்தது. அவள் மகள் சீலாவுக்கு மூதூரிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்தது. மாப்பிள்ளை மைக்கல் தபால் கந்தோரில் வேலை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பது. ஆகவே மாப்பிள்ளையின் தாய் பெண்ணைப் பார்ப்பதைவிட வீட்டைத்தான் உற்றுப் பார்ப்பாள், தன் பிள்ளை எப்படிப்பட்ட இடத்தில் வந்து இருக்கப்போகிறான் என்று. எங்கள் வீட்டில் என்ன இருந்தது? இரண்டு அறை, கிழமைக்கொரு தரம் மெழுகு போடுகிற சீமெந்துத் தரை, வேலை போன தகப்பன். அந்தக் கம்பளம்தான் அக்காவுக்கு மிஞ்சிய மானம்.

“இஞ்சாருங்கோ,” என்றாள் அத்தானிடம். “நத்தார்ப் பண்டிகைக்கு நாலு கிழமைக்கு முந்தி ஞாயிற்றுக்கிழமை அவையள் வருகினம். அதுக்கிடையில இன்னும் ஒரு துண்டு போச்சுதெண்டால், சந்தையில கோழி விக்கிற அபூதாஹிரட்ட ரெண்டையும் குடுத்துப்போட்டு வாங்கோ. நான் சொல்லிப்போட்டன்.”

அபூதாஹிர் நல்ல மனுஷன்தான். ஆனால் அவர் முயலை வாங்கி மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருக்கமாட்டார்.

அத்தான் குனிந்து, காலடிக்கு வந்த அட்மிரலின் முதுகைத் தடவினார். பிறகு, “ஓம். அப்பிடி நடந்தால் நானே கொண்டுபோய்க் குடுக்கிறன்” என்றார்.

அவர் சொன்னால் சொன்னதுதான் என்று எங்களுக்குத் தெரியும். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. இருபத்திரண்டு வருடம் ஊருக்குச் சமைத்துப்போட்டவருக்கு, கை நீட்டினால் ஓடிவந்து தின்ன அந்த இரண்டு வாய்தான் மிச்சம்.

நானும் சும்மா இருக்கவில்லை. கம்பளத்தின் ஓரமெல்லாம் மிளகாய்த்தூள் தூவச் சொன்னேன். அக்கா தூவினாள். சீலா தும்மினாள், அக்கா தும்மினாள், ஒப்பம் வாங்க வந்த ஊர்த்தலைவர் விதானையார் தும்மித் தும்மியே திரும்பிப் போனார். முயல்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு தூள் படாத மறுபக்கத்துக்கு மாறின. அத்தான் ஈரத்துணியால் அவ்வளவு தூளையும் துடைத்தெடுத்தார். “அதுகளின்ர மூக்குப் பாவம்” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு, பயிற்சிக் கொப்பிகளோடு வீட்டுக்கு வந்தேன். நாற்பத்தெட்டு வயது மனுஷன் தரையில் குப்புறப் படுத்து, நாடியைக் கையில் ஊன்றிக்கொண்டு முயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அத்தான், சுகமில்லையோ?”

“சத்தம் போடாதேயும். பீங்கான் பாக்கிறன்.”

மூன்று நாள் அப்படிக் கிடந்தார். நான்காம் நாள் எங்களை இருத்தி விளக்கம் சொன்னார். அட்மிரல் குஞ்சத்தைக் கடிப்பது பாண் ரொட்டி தின்ற பிறகுதான். அக்கா போடுகிற பாணும் சோறும் மெது. முயலின் பல் வளர்ந்துகொண்டே இருப்பது, தேய்க்க ஏதாவது வேண்டும். அதற்குக் கிடைத்தது கம்பளம். கொமடோர் தோண்டுவது எப்போதும் அந்த இருட்டு மூலையில்தான், ஆள் நடமாடுகிற இடத்தில் ஒரு நாளும் இல்லை. அதற்கு வேண்டியது மண். சீமெந்து வீட்டில் மண்ணுக்கு எங்கே போகும்?

“அதுகளில பிழையில்லை. நாங்கள் போட்ட சாப்பாடு பிழை” என்றார்.

அன்றைக்கே பாணும் சோறும் நின்றன. விடிய எழும்பி ஒரு சாக்கு நிறையப் புல் வெட்டி வந்து உலர்த்தினார். முருங்கைக் கொப்பு, கொய்யாத் தடி, தேங்காய்ப் பொச்சு மட்டை எல்லாம் வந்தன. தேயிலைப் பெட்டி ஒன்றைக் குறுக்கே அரிந்து, கடற்கரை மணலும் தோட்டத்து மண்ணும் கலந்து நிரப்பி, லேசாகத் தண்ணீர் தெளித்து, அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்தார். தோண்டிய மூலைக்குமேல் ஒரு பலகை. கொமடோர் கம்பளத்தில் கால் வைத்தால் அதட்டமாட்டார், அடிக்கமாட்டார். தூக்கிப் பெட்டிக்குள் விட்டு, தானும் இரண்டு விரலால் மண்ணைக் கிண்டிக் காட்டுவார். ஒரு நாளைக்கு இருபது தரம், முப்பது தரம். என் வகுப்பில் வாய்ப்பாடு வராத பிள்ளைக்குக்கூட நான் அவ்வளவு பொறுமை காட்டியதில்லை.

பத்து நாளில் அட்மிரல் குஞ்சத்தை மறந்து கொய்யாத் தடியோடு சீவியம் நடத்தத் தொடங்கியது. கொமடோர் பெட்டிக்குள் இறங்கி, மண்ணை என் சேலை வரைக்கும் இறைத்தது. கம்பளத்தில் ஒரு நூல் போகவில்லை. அத்தான் விசிலடித்துக்கொண்டு திரிந்தார். டொக்யார்ட் மூடியபிறகு அந்த விசிலை நாங்கள் அன்றுதான் கேட்டோம். அக்காவும் புல்லை எடுத்துப் போடுவதை நான் கண்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் வருகிற கிழமை கொமடோருக்குப் புத்தி மாறியது. பெட்டியை விட்டுவிட்டு மறுபடியும் கம்பளத்தைச் சுற்றத் தொடங்கியது. வாய் நிறையப் புல்லைக் கவ்விக்கொண்டு, மீசை வைத்த பொலிஸ்காரர் மாதிரி அறை முழுக்க நடந்தது. தன் நெஞ்சு மயிரைத் தானே பிடுங்கியது. அட்மிரல் கடித்திருக்கும் என்றாள் சீலா. பைத்தியம் என்றேன் நான். அத்தானுக்கும் விளங்கவில்லை. அக்காவுக்குப் பயம் பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமையே கம்பளத்தைச் சுருட்டி, அலுமாரிக்குப் பின்னால் சுவரோடு படுக்கப் போட்டாள். ஞாயிறு விடிய எடுத்து விரித்தால் போதும், அதுவரைக்கும் ஒரு பல்லும் படாது என்றாள். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

ஞாயிறு முதற்பூசை முடிந்து வந்தோம். மாப்பிள்ளை வீட்டார் வருவதாகச் சொன்ன லோஞ்சுப் படகு மூதூரிலிருந்து பத்து மணிக்குத்தான் வரும். ஆனால் கடல் பொங்குகிறதென்று அவர்கள் முந்திய லோஞ்சிலேயே ஏறிவிட்டார்கள். எட்டரைக்கெல்லாம் சீலா ஓடி வந்தாள்.

“அம்மா, ஆக்கள் படலையடியில வந்திட்டினம்!”

நானும் அக்காவும் விழுந்தடித்துக்கொண்டு அலுமாரியை நகர்த்தினோம். கம்பளத்தின் உள்தலைப்பைப் பிடித்திழுக்க அக்கா சுருளுக்குள் கையை விட்டாள். விட்ட கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“றோஸ், உள்ளுக்கு என்னவோ அசையுது.”

மெதுவாகக் கையை எடுத்தாள். விரல்களில் புல், சாம்பல் மயிர், சிவப்புக் கம்பளி நூல். குனிந்து பார்த்தேன். பெருவிரல் அளவில், மயிரில்லாமல், கண் திறக்காமல், ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு குட்டிகள். சுருட்டிய கம்பளம் ஒரு முயலுக்கு எவ்வளவு வாய்ப்பான வளை என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. கொமடோர் அலுமாரியின் அடியில் காதை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அத்தான் வெள்ளைக் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வந்தார். அவரும் முழங்காலில் இருந்து பார்த்தார். குட்டிகளைப் பார்த்தபோது முகம் மலர்ந்தது. பிறகு கம்பளத்தின் உட்புறத்தில், நூல் பிடுங்கிய இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை இருப்பதைக் கண்டார். எழும்பினார். குசினிக்குள் போய் மூடி போட்ட பெரிய கூடையோடு திரும்பி வந்தார்.

“சொன்னது சொன்னதுதானே,” என்றார் அக்காவிடம். “அவையள் போன பிறகு கொண்டுபோறன்.”

நான் எப்போதும்போல் புத்திசாலித்தனமாகப் பேசினேன். “அக்கா, குட்டியளைத் தூக்கி அந்தக் கூடைக்குள்ள போடுவம். ஓட்டையை மேசைக்குக் கீழ மறைச்சு விரிக்கலாம். கெதியா!”

அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. சீலாவுக்கு முன் இரண்டைப் பெற்றுப் பறிகொடுத்தவள் அவள்.

“கம்பளத்தில ஒருத்தரும் கை வைக்கப்படாது,” என்றாள். அத்தானின் கையிலிருந்த கூடையைப் பிடுங்கி ஒரு பக்கம் போட்டாள். “எங்க கொண்டுபோறீங்கள்? பிள்ளை பெத்தவளை, இந்த மழைக்குள்ள? உங்களுக்கென்ன விசரோ?”

எனக்கு வெட்கமாக இருந்தது. அத்தான் அழுதார், சிரித்தார், எது என்று எனக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளையின் தாய் தங்கரத்தினம் உயரமான மனுஷி. சேலைத் தலைப்பெல்லாம் கடல்தண்ணீர். கதிரையில் உட்கார்ந்து வெறும் சீமெந்துத் தரையையும் பார்த்தாள், நனைந்த கூரை மூலையையும் பார்த்தாள், தோண்டிச் சிதறிய மண்ணையும் பார்த்தாள். மைக்கல் தலை குனிந்து இருந்தான். அக்கா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

“எங்களிட்டக் கம்பளம் ஒண்டு இருக்கு. உங்களுக்கு விரிக்கத்தான் வைச்சிருந்தனான். இண்டைக்கு விரிக்க ஏலாது. அதுக்குள்ள முயல் குட்டி போட்டிருக்கு.”

போச்சு, சம்பந்தம் போச்சு என்று நினைத்தேன். தங்கரத்தினம் கதிரையை விட்டு எழும்பினாள்.

“தாய் சாப்பிட்டுதோ?” என்று கேட்டாள்.

அத்தானுக்கு அந்தக் கேள்வி எங்கே போய்த் தைத்ததோ தெரியாது. “இல்லை, இல்லை, இப்ப குடுக்கிறன்” என்று வெள்ளைக் கோட்டோடு மழைக்குள் பாய்ந்தார். மைக்கலும் பின்னால் ஓடினான். இரண்டு தாய்மாரும் அலுமாரிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, மூச்சுக்கூட விடாமல் சுருளுக்குள் எட்டிப் பார்த்தார்கள். தேத்தண்ணீர்த் தட்டோடு வந்த சீலா யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல் நின்றாள். கடைசியில் ஒன்றை நானே எடுத்துக் குடித்தேன்.

முருங்கைக் கொப்போடு அத்தான் நனைந்துகொண்டு வந்தார். அதைக் கொமடோரின் முன்னால் வைத்துவிட்டு, அது கடித்துத் தின்னும்வரைக்கும் பக்கத்திலேயே குந்தியிருந்தார். தங்கரத்தினம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ர பொடியன் வாயைத் திறந்து ஒண்டும் கேக்கமாட்டான்,” என்றாள் அக்காவிடம். “ஆர் வீட்டில போய் இருக்கப்போறானோ, பசி எண்டால் அதைச் சொல்லுவானோ எண்டுதான் எனக்கு ரெண்டு மாசமா நித்திரை இல்லை. இனிப் படுப்பன். கலியாணத்துக்கு நல்ல நாளாப் பாருங்கோ.”