ரசீது கொடுக்கும் சர்வாதிகாரி

நாகல் நகரில் காயில் எரிந்துபோன கிணற்று மோட்டாரைச் சரிசெய்யக் கொடுத்துவிட்டு, எதிர்க்கடையில் டீ சொல்லியிருந்தேன். தம்பி முருகேசன் போன் செய்தான். "அண்ணே, ஆரோக்கியம் சார் போயிட்டாரு. விடியக்காலையிலயாம். நீ அங்கனயே இரு, நான் வண்டிய எடுத்துக்கிட்டு வாரேன்" என்றான்.

எனக்கு உடனே அழுகை வரவில்லை. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, முதலில் வந்தது நிம்மதி. நல்லவேளை, அவர் இருக்கும்போதே சொல்லிவிட்டோம் என்ற நிம்மதி. அவரிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒரு காரியம் என்னிடம் பல வருடம் இருந்தது. அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டே அந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் என்ன பாடு பட்டிருப்பேனோ தெரியாது. அது என்ன காரியம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவருடன் மேடை ஏறியவர்களுக்கும் அவர் பேச்சைக் கேட்டவர்களுக்கும் அது தெரிய வேண்டும்.

உங்களுக்கெல்லாம் அவர் பட்டிமன்றப் பேச்சாளர் ஆரோக்கியம். எனக்கு அதற்கு முன்பே அவர் கலெக்டர் ஆபீஸ் ஆரோக்கியம் சார். துப்பாக்கி லைசென்ஸ் கோப்புகள் அவர் மேசையில்தான் இருந்தன. சித்தையன்கோட்டையில் எங்கள் தோட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லை. அதற்காக அப்பா காலத்திலேயே வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று, அப்பாவுக்குப் பிறகு என் பெயருக்கு வந்தது. அதைப் புதுப்பிக்கப் போன இடத்தில் பழக்கமாகி, அவர்தான் என் வாயைப் பார்த்து மேடைக்கு இழுத்துவிட்டார். "இம்புட்டுப் பேச்சையும் கிளார்க்குகிட்டப் பேசி வீணாக்குறியே அப்பு" என்றார். அவருடைய குறிப்புகளைப் பார்த்திருப்பீர்கள். பழைய விண்ணப்பப் படிவங்களின் பின்பக்கத்தில் எழுதி, ஆபீஸ் பைல் கயிற்றால் கட்டியிருப்பார். பேசும்போது ஒருநாளும் அதைப் பிரித்ததில்லை.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் எரியோட்டில் ஒரு பொங்கல் விழா. வெளிநாட்டில் எங்கோ பள்ளிப் பிள்ளைகளைச் சுட்டுவிட்டார்கள் என்று பேப்பரில் வந்திருந்த நேரம். தேர்தல் வரும், துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள் என்ற பேச்சும் காடுகரை வைத்திருக்கும் சம்சாரிகளிடையே ஓடிக்கொண்டிருந்தது. விழாக் குழுவினர் தலைப்பே அதுதான் வேண்டும் என்றுவிட்டார்கள்: துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு தேவையா, தேவையில்லையா? நடுவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சார் 'தேவை' அணிக்குத் தலைவர். நான் 'தேவையில்லை'.

பட்டிமன்றத்தில் ஜெர்மானிய சர்வாதிகாரியின் பெயரைச் சொல்லவே வேண்டியதில்லை. மூக்குக்குக் கீழே இரண்டு விரலை மீசைபோல வைத்தால் போதும், கூட்டம் புரிந்துகொள்ளும். நான் வைத்தேன். "இவரு மொதல்ல என்ன செஞ்சாரு தெரியுமா? சனங்க கையில இருந்த துப்பாக்கிய வாங்குனாரு. அப்பறம்தான் மத்ததெல்லாம். இப்ப நம்ம கலெக்டர் ஆபீசுல ஒருத்தரு கேக்குறாரு" என்று சொல்லிக்கொண்டே, அதே இரண்டு விரலால் சாரைக் காட்டினேன். விசில் காதைப் பிளந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சார் எழுந்து, மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கி வைத்தார். "அந்த நாட்டுல அவரு வர்றதுக்கு முன்னாடியே துப்பாக்கிச் சட்டம் இருந்துச்சு. வந்த பெறகு தன் ஆளுகளுக்கு அதத் தளத்திவிட்டாரு. யூதங்ககிட்டதான் புடுங்குனாரு. அதுக்குள்ள பத்திரிகை, கோர்ட்டு, தொழிற்சங்கம் எல்லாத்தையும் முடிச்சிட்டாரு. இந்தா இப்பப் பேசுன நம்ம வேலுச்சாமிகிட்டருந்து துப்பாக்கிய வாங்குனா ஸ்டேஷன்ல ரசீது குடுப்பாங்க, தேர்தல் முடிஞ்சா திருப்பிக் குடுப்பாங்க. ரசீது குடுக்குற சர்வாதிகாரிய நீங்க யாராச்சும் பாத்திருக்கீகளா?" என்றார். கொஞ்சம் சிரித்தார்கள். ஆனால் கூட்டம் என் பக்கம்தான். தீர்ப்பும் எனக்குத்தான் வந்தது, துண்டும் எனக்குத்தான் போட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அவர் கோபப்படவில்லை. வேடசந்தூர் வந்ததும் சொன்னார்: "பயப்படுறது தப்பில்ல வேலு. அரசாங்கத்தப் பாத்துப் பயப்படத்தான் செய்யணும். அங்க லட்சக்கணக்கான சனம் செத்துப்போச்சு. உன் கடலக்காட்டுப் பன்னிக்குச் சாட்சி சொல்ல அதுகளக் கூப்புடாத." நான் வெற்றித் துண்டை மடித்துக்கொண்டு, சரி சார் சரி சார் என்று தலையாட்டினேன். ஒன்றும் உள்ளே இறங்கவில்லை.

பட்டிமன்றத்தில் அணி என்பது கிடைப்பது, எடுப்பதல்ல. யாரும் தான் பேசியதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவதில்லை. நான் போனேன். என் கைதட்டலை நானே நம்பிவிட்டேன். அடுத்த மாதம் தேர்தல் அறிவித்து, லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்க உத்தரவு வந்ததும், கொடுக்க முடியாது என்று டீக்கடையில் வீராப்புப் பேசினேன். அங்கேயும் மூக்குக்குக் கீழே இரண்டு விரல்.

கெடு முடிய ஒருநாள் இருக்கும்போது சார் லீவு போட்டுவிட்டு டிவிஎஸ் பிப்டியில் சித்தையன்கோட்டைக்கு வந்து நின்றார். "எங்க அது?" என்றார். அறைச் சுவரில் ஆணியில் தொங்கியது. நான் மேடைப் பேச்சை ஆரம்பித்தேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று முழுவதையும் கேட்டார்.

"முடிஞ்சுதா? நல்லாத்தான் பேசுற. நாளைக்கு உன் மேல கேசு எழுதுனா லைசென்சு போயிரும், கோர்ட்டுக்கு அலையணும். நான் மேடையில தோத்தவன்தான், ஒத்துக்கிறேன். இப்ப வண்டியில ஏறு" என்றார்.

துப்பாக்கியைப் பழைய ஜமுக்காளத்தில் சுற்றி மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு அவர் பின்னால் உட்கார்ந்தேன். எதிரே வந்த சைக்கிள்காரர்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஸ்டேஷனில் எழுத்தர் நம்பரைச் சரிபார்த்து ரசீது எழுதிக் கொடுத்தார். சார் அதை என்னிடம் நீட்டி, "வாய்விட்டுப் படி" என்றார். எழுத்தர் முன்னால் எனக்கு மானம் போயிற்று. படித்தேன். "அம்புட்டுதான், வா ஒரு டீ குடிப்போம்" என்றார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நான் சொன்ன காரியம்.

நாலு நாள் போயிருக்கும். எனக்கும் தம்பிக்கும் பொதுக் கிணறு. ஒருநாள் அவன் முறை, ஒருநாள் என் முறை. என் மிளகாய் நாற்று வாடிக் கிடந்தது. மோட்டார் ஓடும் கரண்ட்டு பகலில் நாலு மணி நேரம்தான் வரும். அன்று என் முறை என்று போய்ப் பார்த்தால் தண்ணீர் அவன் வாய்க்காலில் போய்க்கொண்டிருக்கிறது. கேட்டேன். "இன்னிக்கு என் முறை" என்றான். வார்த்தை தடித்தது. களை எடுத்துக்கொண்டிருந்த பொம்பளைகள் எல்லாரும் பார்க்க, என்னைச் சேற்றில் தள்ளிவிட்டான். அவனைவிட எட்டு வயது மூத்தவன் நான்.

எழுந்தேன். வரப்பு வழியாக நேரே வீட்டுக்கு வந்தேன். அறைக்குள் போனேன். கை தானாகச் சுவருக்குப் போயிற்று. கையில் அகப்பட்டது ஆணி.

வெறும் ஆணி. அதைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. ஆணியில் தூசிகூட இல்லை. தோட்டா இருந்த டப்பாவை இன்னொரு கை அதற்குள் திறந்திருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். அடுப்படியிலிருந்து என் மனைவி, "சேத்தோட வந்து என்னத்தத் தேடுறீக?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. வெஞ்சனம் என்ன?" என்றேன்.

கத்தரிக்காய் என்றாள். கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். பாதிச் சோற்றில் பிசைவதை நிறுத்திவிட்டேன். கண்ணீர் சோற்றில் விழுந்தது. காரம் அதிகமோ என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றேன். இருந்திருந்தால் சுட்டிருப்பேனா? தெரியாது. சுட்டிருக்க மாட்டேன் என்று இன்றுவரை என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை.

தேர்தல் முடிந்து துப்பாக்கியைத் திருப்பித் தந்தார்கள், சார் சொன்னபடியே. அதை ஆணியில் மாட்டப் பிடிக்காமல் பீரோவுக்குப் பின்னால் வைத்தேன். தம்பியும் நானும் வருடக் கணக்கில் பேசிக்கொள்ளவில்லை. சாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒட்டன்சத்திரத்தில் அதே தலைப்பு. விழாக்காரர், "ஏனுங்க, ரெண்டு பேரும் இந்தவாட்டி பக்கத்த மாத்திப் பேசுங்களேன், சனங்க ரசிப்பாங்க" என்று கேட்டுக்கொண்டார். சார் 'தேவையில்லை' பக்கம் பேசினார். மீசையைத் தொடவே இல்லை. பன்றி ஒரு ராத்திரியில் எவ்வளவு கடலையை அழிக்கும், ஸ்டேஷன் எத்தனை மைல், லைசென்சுக்காகச் சம்சாரி எத்தனை முறை பஸ் ஏறுகிறான் என்று சொல்லியே ஜெயித்துவிட்டார். நான் 'தேவை' பக்கம். என்னிடம் இருந்ததோ ஒரே ஒரு ஆணி. அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஐந்து நிமிடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் வைத்து, "உனக்கு என்னாச்சு, ஏலே?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். சேறு, வரப்பு, ஆணி, கத்தரிக்காய் வரைக்கும். கடைசியில், "சார், அன்னிக்கு நாந்தான் சர்வாதிகாரி" என்றேன்.

"அதுக்கும் மீசைய ஒட்டாத. நீ கோவக்காரன். அம்புட்டுதான்" என்றார். பிறகு என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டோம். மூன்றாவது வந்தபோது கேட்டார்: "ஆணி இருக்கா?"

"இருக்கு சார்."

"காலண்டர மாட்டு. நாளைக்குத் தம்பி வீட்டுக்குப் போ. தண்ணியப் பத்திப் பேசாத, சும்மா செத்த நேரம் உக்காந்துட்டு வா."

போனேன், உட்கார்ந்தேன். தம்பி மனைவி காபி கொடுத்தாள். அடுத்த வாரம் அவன் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். அப்படித்தான் பேச்சு வந்தது. அடுத்த முறை லைசென்ஸ் புதுப்பிக்கும் காலம் வந்தபோது நான் புதுப்பிக்கவில்லை. துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு வந்து சொன்னேன். "அத நான் சொல்லலியே" என்றார் சார். பன்றிக்கு இப்போது கம்பி வேலி போட்டிருக்கிறோம். பாதிக்குப் பாதி தாங்குகிறது.

தம்பிக்கு மட்டும் இது ஒன்றும் தெரியாது. அவன் பைக்கில்தான் சாரின் அடக்கத்துக்குப் போனோம், அவன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் கல்லறைத் தோட்டத்தில் நின்றேன். இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அவனிடம் சொல்லாமல் இருப்பது முறையல்ல என்று பட்டது. நேற்று கிணற்று மேட்டில் உட்கார வைத்து முழுவதையும் படித்துக் காட்டினேன். ஆணி வந்த இடத்தில் தாளை இறக்கிவிட்டேன். அவன் தாளை வாங்கி, மீதியைத் தானே படித்தான்.

படித்து முடித்துவிட்டு ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அன்னிக்கு உன் முறைதான் அண்ணே" என்றான்.

சார் சொல்லிக் கொடுத்த வாதம் எதுவும் எனக்கு நினைவில் முழுதாக இல்லை. ஆணியில் வருடா வருடம் காலண்டர் மாறுகிறது. அவர் போன செய்தியைச் சொல்ல, "அண்ணே" என்று கூப்பிட, எனக்கு ஒரு தம்பி இருந்தான். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அவனைத்தான்.