வெறுந்தரைத் தொட்டி

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பளபளா என்று பெயர். பெற்றோர் வைத்த பெயரைச் சம்பளப் பட்டியல் மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தது. ஆபரேஷன் தியேட்டரைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு மேஸ்திரி அவர். ஒரு ஆபரேஷன் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் தரையில் முகம் பார்க்கலாம் போல ஆக்கிவிடுவார். மூலையில் ஒரு நூல் கிடந்தாலும் டார்ச் அடித்துக் கண்டுபிடிப்பார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு வீட்டில் ஒரே ஒரு தரை மட்டும் பிடிகொடுக்காமல் போக்குக் காட்டியது. மீன் தொட்டிக்குள் கிடந்த மணல்தான் அது.

கடல்நீர்த் தொட்டி. வேலை மாறிப்போன டாக்டர் ஒருவர் ஐந்து வருடத்துக்கு முன் கொடுத்துவிட்டுப் போனது. உள்ளே பாறைமேல் உயிருள்ள பவளங்கள், வரிபோட்ட ஆரஞ்சு மீன் இரண்டு, பிற்பாடு வாங்கிவிட்ட விரல் நீள மஞ்சள் மீன் ஒன்று. கூடத்தில், மனைவியின் தையல் மெஷினுக்கு நேர் எதிரே வைத்திருந்தார்கள். ஞாயிறு காலையில் கண்ணாடி துடைப்பதும் தண்ணீர் மாற்றுவதும் அவர் வேலை, தீனி போடுவது அவள் வேலை. குழாயை விட்டு மணலை உறிஞ்சும்போதெல்லாம் பழுப்பாக அழுக்கு கிளம்பும். போன மாதம் ஒரு பவளம் வெளுக்கத் தொடங்கியதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"தரை தெரிஞ்சாதான் அழுக்கு தெரியும். அழுக்கு தெரிஞ்சாதான் எடுக்க முடியும்" என்று, மணலை எடுத்துவிட ஒற்றைக்காலில் நின்றார்.

மனைவி தையலிலிருந்து தலையை நிமிர்த்தாமல், மணல் இருந்துவிட்டுப் போகட்டும், அது இல்லாவிட்டால் தொட்டி மொட்டையாக இருக்கும் என்றாள். இவர் மீன் கடைக்காரரிடம் பஞ்சாயத்துக்குப் போனார். வெறுங்கண்ணாடியும் சரிதான், மணலும் சரிதான், உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்து முடிவு செய்யுங்கள், எடுப்பதென்றால் ஒரேயடியாக வாரிவிடாதீர்கள் என்று கடைக்காரர் சொன்னார். பளபளா வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தார். பவளம் பாறையில், மீன்கள் தண்ணீரில். மணலில் ஒரு ஈ காக்கை இல்லை. தீர்ப்பு தன் பக்கம்தான் என்று முடிவு கட்டிவிட்டார்.

அக்காவுக்குக் கண் ஆபரேஷன் என்று மனைவி ஒரு வாரம் கிளம்பினாள். "வந்தப்புறம் பேசிக்கலாம், நீங்களா எதையும் கிளறாதீங்க" என்று வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள். அவரும் தலையாட்டினார். ஆட்டிய தலை நிற்பதற்குள் குழாயைக் கையில் எடுத்துவிட்டார்.

வேலையில் குறை சொல்ல முடியாது. முதல் நாள் இடது பக்கம், இரண்டாம் நாள் நடுப்பகுதி என்று மதிய ஷிப்டுக்குக் கிளம்புமுன் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். எடுத்த மணலை ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, வாசலில் மழைநீர் தேங்கும் பள்ளத்தில் கொட்டி நிரவினார். மூன்றாம் நாள் லீவு போட்டு வலது ஓரத்தையும் முடித்தார். தொட்டியின் அடிக்கண்ணாடி பளிச்சென்று தெரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து ரசித்தார். அவள் வந்து பார்த்ததும் வாயடைத்துப் போவாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டார்.

மாலை ஏழு மணிக்குத் தொட்டி விளக்கு தானாக அணையும். அணைந்தது. மஞ்சள் மீன் தொட்டியின் நடுவில் ஒரு கணம் நின்றது. பிறகு தலைகீழாகத் திரும்பி, எய்த அம்பு வேகத்தில் கீழே பாய்ந்து கண்ணாடியில் மோதியது.

டக்கென்று சத்தம் கேட்டது. அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மீன் மேலே வந்து, இடம் மாற்றி மறுபடி பாய்ந்தது. டக். மறுபடி டக். கண்ணெதிரே ஒரு ஜீவன் தரையில் தலையை முட்டிக்கொள்வதைப் பார்த்து அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தண்ணீர் விஷமாகிவிட்டதோ என்று பார்த்தால் மற்ற இரண்டும் சாதாரணமாக நீந்திக்கொண்டிருந்தன. மனைவிக்குப் போன் செய்தார். மஞ்சள் மீனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்.



"மணல எடுத்துட்டீங்களா?" என்றாள். "அது மணலுக்குள்ளதாங்க தூங்கும். தெனமும் ஏழு மணிக்கு உள்ள புகுந்துடும், காலைலதான் வெளிய வரும். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. நாலு வருடமாக வீட்டில் இருக்கிற மீன். ஏழு மணிக்கு அவர் ஆபரேஷன் தியேட்டரில் இருப்பார். லீவு நாளில் நண்பன் வீட்டில் சீட்டு ஆடிக்கொண்டிருப்பார். அவர் பார்த்ததெல்லாம் பகல் மீனை மட்டும்தான்.

பள்ளத்து மணலைத் தொட்டியில் போட்டால் பிளீச்சிங் எல்லாவற்றையும் கொன்றுவிடும். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தார். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். ஒரு பை மணலோடு திரும்பி, அலசி, தன் சாப்பாட்டு டப்பாவில் நிரப்பி, தொட்டியின் அடியில் வைத்தார். மீனின் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. அது நேராகப் பாயவில்லை. சாய்ந்து சாய்ந்து வந்து, டப்பா மணலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நுழைந்து மறைந்தது.

காலை முதல் பஸ்ஸில் மனைவி வந்துவிட்டாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் தொட்டி முன் உட்கார்ந்தாள். ஒன்பதுக்கு விளக்கு எரிந்தது. விளக்கு வந்து கால் மணி நேரத்தில் மீன் எழுந்துவிடும் என்றாள். பத்து மணிவரை பார்த்துவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மணலுக்குள் இரண்டு விரலை விட்டாள். எடுத்தபோது மீன் விரல்களுக்கு நடுவில் விறைத்துக் கிடந்தது.

அவர் திட்டுக்குத் தயாராக நின்றார். அவள் திட்டவே இல்லை, அதுதான் அவரைக் கலக்கியது.

"ஏழு மணிக்கு நான் என்ன பண்ணுவேன்னாவது உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவர், இந்தச் சின்னக் கேள்விக்குத் தன்னிடம் பதில் இல்லை என்று கண்டு அதிர்ந்துபோனார்.

"அது படுக்கப் போனா நானும் மெஷின மூடிடுவேன். இன்னிக்கி போதும்னு எனக்குச் சொல்ல இந்த வீட்ல அதுதான் இருந்துச்சு" என்றாள்.

அன்றும் அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. சாயங்காலம் கூடத்தில் அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஏழு மணிக்குத் தொட்டி விளக்கு அணைந்தது. ஏழரை ஆயிற்று, எட்டும் ஆயிற்று. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. போதும் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.