அக்கா போட்ட ஜாமீன்

நாளிதழில் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த வேலை, ஏல அறிவிப்புகளில் பிழை திருத்துவது. கடன் வாங்கியவர் பெயர் ஒரு வரியில் இருக்கும். அடுத்த வரியில் ஜாமீன்தாரர் பெயர். இரண்டும் ஒரே அளவு எழுத்து. சில அறிவிப்புகளில் உத்தரவாதம் அளித்தவர் என்றும், சிலவற்றில் பிணையாளர் என்றும் வரும். எந்தச் சொல்லைப் போட்டாலும், ஏலத்துக்கு வரும் வீடு பல நேரம் இரண்டாவது வரியில் இருப்பவருடையதுதான்.

திருப்பனந்தாள் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் இந்தச் சொற்கள் பேச்சில் வருவதில்லை. "ஒரு கையெழுத்து" என்று மட்டும் சொல்வார்கள். கேட்க வருபவர் தாம்பூலத் தட்டோடு வருவார். வீட்டுக்காரர் தட்டை வாங்கிக்கொண்டால் சம்மதம். காகிதம் அதற்குப் பிறகுதான் வரும். வந்த காகிதத்தைப் படித்துப் பார்த்தால், தட்டைக் கொண்டுவந்தவரைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடும்.

அப்படி ஒரு தட்டோடு அக்கா வீட்டுக்கு வந்தவர் அவளுடைய கொழுந்தனார், அத்தானின் தம்பி. அறுவடை இயந்திரம் வாங்க ஒரு நிதி நிறுவனம் கடன் தருகிறது, ஜாமீனுக்கு வீடு வேண்டும் என்றார். வீடு அக்கா பெயரில் இருந்தது. அப்பா அவளுக்கு எழுதிக் கொடுத்தது. அவர்களுக்கு வேறு சொத்து கிடையாது. ஆனால் தட்டை வாங்கியவர் அத்தான்.

அன்று சாயங்காலம் அக்கா தொலைபேசியில் சொன்னாள். அத்தானின் தம்பி கட்டாவிட்டால் உன்னிடம் கேட்பார்கள் என்று மட்டும் நினைக்காதே, அவனிடம் கேட்காமலேயே உன்னிடம் வரலாம் என்றேன். அவள் சிரித்தாள்.

"பேப்பர் ஆபீசுல இருந்து இருந்து உனக்கு நல்ல சேதியே கண்ணுல படாதாடா? சேலையெல்லாம் வச்சுக் கொடுத்திருக்காரு. இனிமே எப்படி மாட்டேங்கிறது?"

மறுநாள் கையெழுத்துப் போட்டாள்.

கொழுந்தனார் வாங்கியது டயர் வண்டி. சேற்றிலும் இறங்கும் பெல்ட் வண்டிக்கு விலை அதிகம். குறுவை அறுப்பில் வயல் காய்ந்திருந்தது, வண்டி நன்றாகவே ஓடியது. தை மாதம் சம்பா முற்றி நின்றபோது பருவம் தப்பிய மழை பிடித்துக்கொண்டது. கதிர் சாய்ந்து சேற்றில் படுத்தது. பெல்ட் வண்டிகள் வெளியூர்களிலிருந்து லாரியில் வந்து இறங்கின. டயர் வண்டி முதல் வயலில் இறங்கியதும் அச்சு வரை புதைந்தது. டிராக்டர் வைத்து இழுத்து மேட்டில் ஏற்றினார்கள். அதன் பிறகு அதை யாரும் கூப்பிடவில்லை.

நான் ஊருக்குப் போயிருந்தபோது வண்டி தார்ப்பாய் மூடி வாய்க்கால் கரையில் நின்றது. அடுத்த முறை போனபோது அந்த இடத்தில் இரண்டு டயர்த் தடங்களும் தேங்கிய தண்ணீரும்தான் இருந்தன. வேறு மாவட்டத்துக்கு வேலைக்குக் கொண்டுபோயிருப்பதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று கேட்டேன், அத்தானுக்குத் தெரியவில்லை. தம்பி தொலைபேசியை எடுப்பதில்லை.

தவணை நின்றுபோனதால் மாசியில் நிதி நிறுவனத்து ஆள் ஒருவர் வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். சின்ன வயது, மரியாதையான பேச்சு. வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். அக்கா காபி கொடுத்தாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் குடித்தார். கதவு தேக்கா என்று கேட்டார். அப்பா பார்த்துப் பார்த்து வாங்கிய மரம் என்றாள். கிணற்றில் கோடையில் தண்ணீர் நிற்குமா என்றார். ஒருநாளும் வற்றியதில்லை என்றாள், பெருமையாகவே. எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

அத்தான் மெதுவாகக் கேட்டார். "என் தம்பியப் போய்ப் பாத்தீங்களா?"

"இல்லைங்க சார்."

"அவன்தானே கடன் வாங்கினது?"

"அவருகிட்ட என்ன சார் இருக்கு? வீடு அம்மா பேர்லதானே இருக்கு."

அவர் குரல் உயரவில்லை. காலி டம்ளரை அவரே எடுத்துக்கொண்டு போய்த் தொட்டி ஓரமாக வைத்தார்.

அக்கா கொழுந்தனாரை ஒரு வார்த்தை திட்டவில்லை. அத்தானுக்குச் சோறு போடும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சித்திரையில் நிதி நிறுவனம் அனுப்பிய ஒருவர் ஏணியும் கறுப்புப் பெயிண்டும் எழுத்து வெட்டிய தகரமுமாக வந்தார். தெருவிலிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படும் சுவர் எது என்று கேட்டார். அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காதான் கை காட்டினாள்.

அவர் தகரத்தைச் சுவரில் வைத்து அழுத்தினார். எதிர்வீட்டில் கதவு திறந்தது.

"அதுல என் பேரு வருங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"இல்லைங்கம்மா. இந்தச் சொத்து அடமானத்துல இருக்குன்னு போட்டு, கம்பெனி பேரு மட்டுந்தான்."

அக்கா கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பெயிண்ட் வாசனை கூடம் வரைக்கும் வந்தது.