பூஜ்யம் என்று நான் எழுதிய துளி

அந்த வரியை எழுதியவன் நான்தான்: குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே விழும் துளியால் சேதம் பூஜ்யம். நீராவிச் சுழலியின் தகடுகளில் நீர்த்துளி மோதி மோதி எஃகு எப்படி அரிக்கப்படுகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்கிடுவது என் ஆராய்ச்சி. மெதுவாக விழுவதையும் சேர்த்தால் புரோகிராம் ஓடி முடிக்க நாள்கணக்காகும். "தள்ளிவிடு" என்றார் பேராசிரியர். தள்ளிவிட்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள் அவை. விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அக்கா மருந்து ரூமில் இருந்தாள். எங்கள் பக்கம் மருந்து என்றால் வெடிமருந்துதான். ஆயுத பூஜை அன்று வேலை கிடையாது, வீட்டு ஆட்களையும் உள்ளே விடுவார்கள். பொரியைக் கொறித்துக்கொண்டே அக்காவின் ரூமை எட்டிப் பார்த்தேன்.

வாசலுக்கு மேலே, தீயணைக்க வைத்த தொட்டியின் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே சிமெண்டுத் தரையில் ஒரு குழி. விரலை வைத்தால் மணல் உதிர்ந்தது. அந்த மணலில் ஒன்று மருந்துக்குள் போய் உரசினால் போதும். அங்கே நின்ற போர்மேனிடம் குழியைக் காட்டி, இதனாலேயே தீப்பிடிக்கும் என்றேன்.

போர்மேன் சிரித்தார். "படிச்ச புள்ள இப்பிடிப் பேசலாமா தம்பி? தண்ணி கெடக்க எடத்துல தீ எங்கன வரும்?"

எங்கள் ஊர்ப் புத்தி இதுதான். தீக்குப் பயந்தே வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் சாமி. குழாய் சொட்டினால் நல்லது என்று விட்டுவிடுவார்கள். கத்தினேன். "சீசன் முடியட்டும், பூசிருவோம்" என்று சுண்டலை நீட்டினார். அந்த ஆளைவிட என்மேல்தான் எனக்கு ஆத்திரம். எவனுடைய எஃகுக்காகவோ இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டவன், சொந்த அக்கா உட்காரும் தரையை ஒரே வரியில் தள்ளிவிட்டிருக்கிறேன்!

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் குதித்தேன். "இனிமே அந்த ரூமுக்குப் போகாத."

"ஏலே, கத்தாத. மணல் வாரது எனக்குத் தெரியும். தெனமும் ஈரத்துணி வச்சுத் தொடச்சிட்டுத்தான் உக்காருதேன்."

"தெரிஞ்சுமா வேற ரூம் கேக்கல?"

"கேட்டாக் குடுப்பாக. என் எடத்துல வேற ஒருத்தி வந்து உக்காருவா. தொடைக்கச் சொன்னா, தண்ணிதானன்னு சிரிக்காளுக."

அவளை ஒரு அறை விடலாம் போலிருந்தது. மறுநாள் காலை தூக்குவாளியோடு துணியையும் மடித்து வைத்தாள். என் பழைய வேட்டியில் கிழித்தது. அன்று நான் காலேஜுக்கு பஸ் ஏறவில்லை. அவளுக்கு முன்னால் போய், குழாயை அடைக்கிறவரை நகரமாட்டேன் என்று கம்பெனி கேட்டில் உட்கார்ந்துவிட்டேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். மத்தியானத்துக்கு மேல்தான், என்னைத் துரத்துவதற்காக, அக்காவை வெளியே உட்காரவைத்துக் குழாயை அடைத்தார்கள், குழியைப் பூசினார்கள்.

அடைக்கவும் பூசவும் அரைமணி நேரம்கூட ஆகவில்லை.