முதல் வார்த்தை தெரசா

ரெனிதாவுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. நூம்பலில் அவர்கள் வீட்டு மாடிக்கு நான் குடிவந்து மூன்று வருஷமாகிறது. அவள் ஒரு தம்ளர் காப்பியை உட்கார்ந்து குடித்து நான் பார்த்ததில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தபடியே குடிப்பாள், ஆறிப்போன மிச்சத்தைச் செடிக்கு ஊற்றுவாள். மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டால் புதுப் படம் ஒன்றோடு வருகிறாள் என்று அர்த்தம்.

படம் என்றால் அவளே எடுத்த படம். கல்யாண ஆல்பம் செய்யும் கடையில் வேலை பார்த்தவள். கடை மூடியதும் பழைய கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு, இணையத்தில் படம் விற்கும் தளம் ஒன்றில் சேர்ந்தாள். விளம்பரக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் அங்கே வந்து, வேண்டிய படத்தைத் தேடி வாங்குவார்களாம். நானூற்றுப் பன்னிரண்டு படம் ஏற்றியிருந்தாள். ஒன்றுகூட விற்கவில்லை. ஒரே ஒரு படம் விற்றால் போதும், இது வேலைதான், விளையாட்டில்லை என்று வீட்டில் நிமிர்ந்து சொல்லலாம் என்று தவித்தாள்.

கோளாறு படத்தில் இல்லை, வார்த்தையில் என்பது பிறகுதான் பிடிபட்டது. ஒவ்வொரு படத்தோடும் ஐம்பது வார்த்தை வரை கொடுக்கலாம். வாங்குகிறவர் தட்டும் வார்த்தை அதில் இருந்தால்தான் படம் அவர் கண்ணில் படும். அதிலும் முதல் பத்து வார்த்தைக்குத்தான் மரியாதை. இவளோ மனதில் தோன்றியதையெல்லாம் எழுதிவைத்திருந்தாள். கொரட்டூர் ஏரிப் படத்துக்கு முதல் வார்த்தை 'எங்க கல்யாண நாள்'. உன் கல்யாண நாளை எந்த ஊர்க்காரன் தேடப்போகிறான் என்று கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அன்றிலிருந்து, படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆளிடம் காட்டி, அந்த ஆள் கண்ணில் படுவதை எழுதிக்கொள்வது என்று வைத்துக்கொண்டாள். அந்த ஒன்றும் தெரியாதவள் நான். லேப்டாப்பில் ஆபீஸ் மீட்டிங் ஓடும்போதே என் மூக்குக்கு நேரே போனை நீட்டுவாள். பாத்திரம், ஆவி, காலை வெயில், வளையல் கை என்று நான் சொல்லச் சொல்ல எழுதுவாள். எழுதி முடிப்பதற்குள் பாதிப் படி இறங்கியிருப்பாள்.

ஆகஸ்ட் பிறந்ததும் அவசரம் இரண்டு மடங்காயிற்று. கிறிஸ்துமஸ் படம் வாங்குகிறவர்கள் அப்போதே தேட ஆரம்பித்துவிடுவார்களாம். அவளிடம் உருப்படியான கிறிஸ்துமஸ் படம் ஒன்றுதான் இருந்தது, மாமியார் தெரசா அச்சு முறுக்கு சுடும் படம். எண்ணெயிலிருந்து அச்சைத் தூக்கியபடி, மருமகளைத் திட்ட வாயெடுத்துப் பாதியில் சிரித்துவிட்ட முகம். படத்தில் இருப்பவரின் சம்மதக் கையெழுத்து இல்லாமல் தளத்தில் ஏற்க மாட்டார்கள். அந்தத் தாளை நீட்டியபோது, "இன்னாடி பத்திரம் இது? ஊட்ட எழுதி வாங்கிக்கினு போறியா?" என்று கேட்டுவிட்டு, எண்ணெய்க் கையோடே கையெழுத்துப் போட்டவள் தெரசா.

இந்த வருஷம் தவக்காலத்தில் அவள் காலமாகிவிட்டாள். அதிலிருந்து மகன் அருள்தாஸ் அம்மா என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை. அவன் ரெனிதாவின் கணவன், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். சுவரில் மாலையோடு தொங்குவது ஆதார் படத்தைப் பெரிதாக்கியது. அதில் தெரசா போலீஸ் ஸ்டேஷனில் நிற்பவள் போல முறைக்கிறாள். அந்தப் பக்கம்கூட அவன் திரும்புவதில்லை. கல்நெஞ்சக்காரன் என்று நான் ரெனிதாவிடமே சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் முதல் வாரம் ரெனிதா அச்சு முறுக்குப் படத்தை அவனிடமே காட்டி, நல்லதாக நாலு வார்த்தை கேட்டிருக்கிறாள். பேரும் ஊரும் போட்டால் அத்தை வருவாங்க பாருங்க என்று அவன் போனில் அந்தத் தளத்தைத் திறந்து தட்டியும் காட்டியிருக்கிறாள். அவன் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"எங்கம்மாவ வெச்சி யாவாரம் பண்ணாத. அந்தப் படம் இனிமே என் கண்ல படக்கூடாது."

அவன் கீழே சொன்னது எனக்கு மாடியில் கேட்டது. ரெனிதா அந்தப் படத்தைப் போனிலிருந்தும் கம்ப்யூட்டரிலிருந்தும் எடுத்து, ஒரு பென்டிரைவில் போட்டு பீரோவில் பூட்டினாள். தளத்தில் இருந்ததை மட்டும் விட்டுவைத்தாள். அவளுக்கும் பிடிவாதம் உண்டு.

எட்டாம் தேதியிலிருந்து அந்தப் படத்தை யாரோ திறந்து பார்க்க ஆரம்பித்தார்கள், நாளுக்கு ஒருமுறை. மற்ற படங்களை ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. ரெனிதாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. யாரோ பெரிய கம்பெனிக்காரன் வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறான் என்றாள். தினமும் பத்துத் தடவை தளத்தைத் திறந்து பார்ப்பாள். வார்த்தையைச் சீர்செய்தால் இன்னும் நூறு பேர் வருவார்கள் என்று சொல்லி என்னை உட்காரவைத்தாள்.

பழைய பட்டியலில் முதல் வார்த்தை தெரசா, அடுத்தது நூம்பல், மூன்றாவது அத்தை. மூன்றையும் நான்தான் கோடு போட்டு அடித்தேன். வாங்குகிறவருக்கு அவள் தெரசா இல்லை, வயதான இந்தியப் பெண். அச்சு முறுக்கும் அவருக்கு ரோஸ் குக்கி. பண்டிகை, பலகாரம், சமையலறை, சிரிப்பு என்று பட்டியல் கச்சிதமாக வந்தது. பேர் மட்டும் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ரெனிதா இழுத்தாள். பேரைத் தேடி யார் வருவார் என்று அதட்டினேன். எந்த வார்த்தையைத் தட்டி ஆள் வந்தது என்று தளத்திலிருந்து மாதக் கடைசியில் அறிக்கை வரும். அதைப் பார்த்துவிட்டுப் புதுப் பட்டியலை ஏற்றலாம் என்று நிறுத்திவைத்தோம்.

செப்டம்பர் முதல் தேதி படியில் தடதட சத்தம் இல்லை. ஒவ்வொரு படியாக ஏறி வந்து போனை நீட்டினாள். மொத்தம் பத்தொன்பது தடவை பார்த்திருக்கிறார்கள். பத்தொன்பது தடவையும் தட்டியது அதே இரண்டு வார்த்தைதான்: தெரசா, நூம்பல். எல்லாமே பகல் பன்னிரண்டரைக்கு மேல் ஒரு மணிக்குள். ஞாயிற்றுக்கிழமைகளில் இல்லை, சுதந்திர தினத்தன்றும் இல்லை. அருள்தாஸ் கம்பெனியில் சாப்பாட்டு மணி பன்னிரண்டரைக்கு.

எனக்கு வெட்கமாக இருந்தது. காப்பி போட்டுக் கொடுத்தேன். ரெனிதா நாற்காலியில் உட்கார்ந்து முழுத் தம்ளரையும் குடித்தாள். பிறகு புதுப் பட்டியலை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"இந்தப் பேர எட்த்துட்டா, நாளைக்கி அவரு எங்க போயி தேடுவாருக்கா?"

அடித்த மூன்று வார்த்தைகளையும் நானே திரும்ப எழுதிக் கொடுத்தேன்.