ஆந்தை அலறிய கடைசி வாரம்

ஸ்ஸ்ஸ்ஸ்... என்று பெட்டிக்குள்ளிருந்து ஒரு சீறல். பாம்பேதான் என்று பாதி ஏணியிலிருந்து குதித்துவிட்டேன்.

ஏணியைப் பிடித்திருந்த கவிதா சிரித்தாள். "அலாமாக்! பாம்பு இல்ல லா, ஆந்தைக் குஞ்சு. ஆள் வந்தா அப்படித்தான் சீறும்."

அது என் முதல் நாள். அக்ரி காலேஜில் படித்தபோது கோடை லீவில் மலேசியாவுக்கு இன்டர்ன்ஷிப் போயிருந்தேன். புக்கிட் ரோத்தான் என்ற ஊரை ஒட்டிய ஒரு செம்பனைத் தோட்டம், அதாவது பாமாயில் எடுக்கிற பனை. அங்கே எலிக்கு மருந்து வைப்பதில்லை, ஆந்தை வளர்க்கிறார்கள். உயரமான தூண் மேல் மரப்பெட்டி... எதில் குஞ்சு இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. ஆந்தை முகத்திலேயே விழிக்கக் கூடாது என்று வளர்ந்த கோயம்புத்தூர்க்காரிக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்!

கவிதா தோட்டத்து ஸ்டாஃப். என் வயதுதான். அவள் வீட்டில்தான் தங்கியிருந்தேன்.

ஊர் திரும்ப ஒரு வாரம் இருக்கும்போது அம்மா போன் செய்தாள்.

"அப்பாவுக்கு நெஞ்சுல அடைப்பாம் கண்ணு. வெள்ளிக்கெழம ஆபரேசன். நீ வெசனப்படாத, முடிச்சுட்டே வா."

எப்படி வெசனப்படாமல் இருப்பது? சோறு இறங்கவில்லை.

அன்று விளக்கு வைக்கிற நேரம். கவிதா வீட்டுக் கூரைமேல் வந்து உட்கார்ந்து ஒரு ஆந்தை அலறியது. ஆந்தை அலறினால் சாவு விழும் என்று கேட்டே வளர்ந்தவள் நான். கல்லை எடுத்து ஓங்கிவிட்டேன்.

கவிதா கையைப் பிடித்தாள். "ஏய், அதப் பாத்துக்கத்தானே உன்னக் கூப்பிட்டாங்க? நீயே கல்லால அடிக்கிற!"

அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இங்க அது கத்துனா எங்களுக்கு நிம்மதி லா. ஒரு வருசம் பக்கத்துத் தோட்டத்துல எலி மருந்து வச்சு, அந்த எலியத் தின்னு ஆந்தையெல்லாம் செத்துப்போச்சு. சத்தமே இல்ல. அப்புறம் எலி பெருகிருச்சு. எலிக்குப் பின்னால நாகப்பாம்பு அடுப்படிக்கே வந்துச்சு. கத்தலன்னாதான் பயப்படணும்."

வெள்ளிக்கிழமை காலை. அங்கே அப்பா தியேட்டருக்குள். இங்கே எனக்குக் கடைசி ரவுண்டு.

முதல் நாள் என்னைக் குதிக்க வைத்த அதே பெட்டி. தூணைத் தட்டினேன். சத்தமில்லை. மறுபடி தட்டினேன்... இல்லை. ஒரே ஒரு தடவை சீறு என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

கவிதாதான் ஏறிப் பார்த்தாள். "காலி லா. றெக்கை மொளைச்சுப் பறந்துருச்சு."

அவள் சொன்னதை நம்பவும் பயமாக இருந்தது. போன் அடிக்கும்வரை அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

"அப்பா கண்ணு முழிச்சுட்டாரு சாமி" என்றாள் அம்மா. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

வருஷங்கள் ஓடிவிட்டன. எங்கள் தெருவில் மரமெல்லாம் போய் அபார்ட்மெண்ட் வந்துவிட்டது. ஆந்தைச் சத்தமே கிடையாது. அம்மாவுக்கு அதில் ரொம்ப நிம்மதி.

நாளைக்கு அப்பாவை மறுபடியும் அதே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம்.

காய்ந்த துணி எடுக்க மொட்டை மாடிக்கு வந்தேன். துணியெல்லாம் மடித்தாகிவிட்டது, இருட்டவும் தொடங்கிவிட்டது... எங்கிருந்தாவது ஒரு ஆந்தை கத்தாதா என்று இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன்.