எட்டாயிரம் பச்சைக்கல்

பாடப்புத்தகக் கணக்கில் பங்குனி மாதம் பின்பனிக் காலம். நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றவள் நான். பனியாம் பனி! எழுதினவர் எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினாரோ. திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் எங்கள் ஊர். அங்கே பங்குனியில் காலை எட்டு மணிக்கே பள்ளிக்கூடத்து ஓடு கொதிக்கும். மத்தியானம் கடல்காற்று உள்ளே வந்தால் உண்டு. வராவிட்டால் பிள்ளைகளும் நானும் வெந்துகொண்டிருப்போம்.

எழுபதுகளின் நடுவில் அப்படி ஒரு பங்குனிக் கடைசியில் வந்த ஒரு வாரத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். எனக்குக் கோபம் ஜாஸ்தி. அன்றைக்கும் ஜாஸ்தி, இன்றைக்கும் குறையவில்லை. இதில் யாரையாவது நான் அதிகமாக வைதுவிட்டதாகத் தோன்றினால், வேண்டுமென்றேதான் வைதிருக்கிறேன்.

அப்போது நானும் என் கணவரும் அந்த ஊர்ப் பெரிய தெருவில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். எனக்கு அந்த ஊரிலேயே பள்ளிக்கூட வேலை. அவருக்குச் செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. முன்கட்டில் வீட்டுக்கார அம்மா இருந்தார். நாங்கள் குடிவந்த புதிதில் அவருக்கு நான் "டீச்சர் வாங்க, டீச்சர் உக்காருங்க". முருங்கைக்காய் காய்த்தால் முதல் காய் எனக்குத்தான். இப்படி ஆறு மாதம் போயிற்று. பிறகு ஒருநாள் என் சின்ன மாமனார் எங்களைப் பார்க்க வந்தார். மனிதர் நேராக வந்து கதவைத் தட்டியிருக்கலாம். தெருமுனைக் கடையில் நின்று, "நம்ம காலனி டீச்சர் வூடு எதுங்க?" என்று பலமாக விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அவர் மேல் என்ன தப்பு? எங்கள் ஆட்களில் முதன்முதலாக ஒருத்தி டீச்சராகியிருக்கிறாள் என்ற பெருமை அவருக்கு.

அன்று சாயங்காலத்திலிருந்து நான் "ஏம்மா" ஆனேன். முருங்கைக்காய் நின்றது. பத்து நாள் கழித்து அந்த அம்மா வாசல்படியில் நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் முருங்கைமரத்தைப் பார்த்துச் சொன்னார்: "ஏம்மா, எங்க பையன் மாத்தலாகி வந்தாலும் வரக்கூடும். வூடு வேண்டியிருக்கும். வைகாசிக்குள்ள எதுனா பாத்துக்கிட்டா நல்லாயிருக்கும்."

பையன் வரவே இல்லை. வரப்போவதும் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்ன காரணத்தால் போ என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால், நானும் நேருக்கு நேர் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்கு இடமே வைக்காமல் பேசினார். வேறு வீடு தேடினோம். இரண்டு இடத்தில் "பார்த்துச் சொல்றோம்" என்றார்கள். ஓர் இடத்தில், "எந்த ஊரு, அதுல எந்தத் தெரு?" என்று ஒவ்வொரு படியாக இறங்கிக் கேட்டார்கள். அதோடு எனக்குப் போதும் என்று ஆகிவிட்டது. காலனியை ஒட்டி ஏரிப் பக்கத்தில் என் கணவர் பேரில் ஒரு மனை இருந்தது. அதில் இரண்டு அறை போட்டு, கோடை விடுமுறை முடிவதற்குள் குடிபோய்விடுவது என்று முடிவு செய்தோம்.

செங்கல்லை விலைக்கு வாங்க எங்களால் ஆகாது. அதனால் ஏரி மண்ணை எடுத்து மனையிலேயே அறுத்துக்கொண்டோம். அச்சரப்பாக்கம் பக்கத்திலிருந்து ஒருவர் தன் மனைவியோடு வந்து, மனை ஓரத்திலேயே குடிசை போட்டுக்கொண்டு, மண்ணைக் குழைத்து மிதித்து அச்சில் அடித்துத் தள்ளினார். மாசி முழுக்க அந்த வேலை. எட்டாயிரம் பச்சைக்கல். சுடாத கல்லைப் பச்சைக்கல் என்பார்கள். வெயிலில் காய்ந்து பார்வைக்குக் கல் மாதிரியே இருக்கும், தட்டினால் கொஞ்சம் சத்தமும் வரும். ஆனால் சூளையில் வைத்துச் சுடுகிறவரைக்கும் அது மண்தான். ஒரு நல்ல மழை போதும், வந்த வழியே போய்விடும். சூளைக்கு வேண்டிய சவுக்குக் கட்டை கடலோரத் தோப்பிலிருந்து வண்டியில் வந்து இறங்கியாயிற்று. அடுக்கி நெருப்பு வைக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து வானம் புத்தி கெட்டுப் போயிற்று.

திங்கட்கிழமை சாயங்காலம் மேற்கே இருட்டியது. ரேடியோவில் செய்தி முடிந்து வானிலை சொன்னார்கள். "வட தமிழகக் கடலோர மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்." என் கணவருக்கு ரேடியோ என்றால் வேதவாக்கு. உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு மனைக்குப் போய், கல் வரிசை மேலெல்லாம் தென்னங்கீற்றைப் போட்டு மூடச் சொல்லிவிட்டு வந்தார். மழை இல்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் இடி இடித்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பயந்து கத்தின. ஐந்து நிமிஷம் கழித்துப் பழைய வெயில். அன்றைக்கும் ரேடியோ அதையேதான் சொன்னது. புதன்கிழமையும் அதே "ஓரிரு இடங்கள்", அதே "கூடும்".

பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு அந்தச் சொல் மேல் அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. கூடும் என்றால் என்ன பொருள்? பெய்தாலும் பெய்யும், பெய்யாவிட்டாலும் என்னைக் கேட்காதே. அதையே கூடாது என்று திருப்பிப் பாருங்கள். செய்தால் உதை என்று அர்த்தம்! ஒரே சொல் ஒரு பக்கம் வழவழ, மறுபக்கம் அடி. கல் அறுக்கிறவரிடம் இதைச் சொல்லிப் பொருமினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பேயும்னா பேயும்னு சொல்லணும். பேயாதுன்னா பேயாதுன்னு சொல்லணும். அது இன்னா டீச்சரம்மா கூடும்? நான்கூடத்தான் நாளிக்கி ராஜாவாக்கூடும்."

"சரி, நீங்க சொல்லுங்க. நெருப்பு வெச்சிடலாமா?"

"நானா? மேகம் இன்னா என்னைக் கேட்டுகினா வருது?" என்றார். ஆக, அவரும் வழவழ.

வியாழக்கிழமைக்குள் இன்னொரு தொல்லை சேர்ந்துகொண்டது. மூன்று நாளாக மூடியே கிடந்ததில் கல் வேர்க்க ஆரம்பித்தது. கீற்றைத் தூக்கி உள்ளே கைவிட்டால் பிசுபிசுவென்று இருந்தது. ஈரத்தோடு சூளையில் வைத்தால் வெடித்துப்போகும் என்று கல் அறுக்கிறவர் சொன்னார். மூடினால் வேர்வை, திறந்தால் மழை பயம். நான் என் கணவரைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாங்க, ஏதாவது ஒண்ணு சொல்லுங்களேன்."

"எதுக்கும் ரெண்டு நாள் பாத்துக்கலாம்."

"ரெண்டு நாள் கழிச்சி ரேடியோ வேற ஒண்ணு சொல்லிடப் போவுதா?"

அவர் ரேடியோவின் குமிழைத் திருகிக்கொண்டிருந்தார். அவரையும் வைதேன். பயந்தாங்கொள்ளி என்றேன். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அந்த வார்த்தையை அவரைப் பார்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவருக்கு உறைத்தது. அவர் முகத்திலேயே அது தெரிந்தது. தெரிந்தும் நான் நிறுத்தவில்லை.

சனிக்கிழமை விடிந்தபோது வானம் சுத்தமாக இருந்தது. ஒரு துண்டு மேகம் இல்லை. பல் துலக்கிவிட்டுக் கொல்லைக் கிணற்றில் இரண்டு குடம் இறைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். மூன்றாவது குடத்துக்காகத் திரும்பிப் போனபோது வீட்டுக்கார அம்மா கிணற்றடியில் இருந்தார். நான் வருவதை அவர் பார்க்கவில்லை. ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்து, நான் சற்று முன் பிடித்திருந்த தாம்புக்கயிற்றை மேலிருந்து கீழ்வரை நனைத்துக் கழுவிக்கொண்டிருந்தார். அவசரமே இல்லை. தினமும் செய்கிற கைப்பழக்கம் அது. எத்தனை நாளாகவோ நடந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

குடத்தைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. வெறும் குடத்தை இடுப்பில் வைத்தபடியே வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, ஏரிப் பக்கம் நடந்தேன். அந்த வீட்டில் இனி ஒரு வாரம்கூட இருக்கமாட்டேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே போனேன். மனையில் கல் அறுக்கிறவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"கீத்தையெல்லாம் எடுத்துடுங்க. இன்னிக்கி பூரா வெயில்ல காயட்டும். நாளைக்கிச் சூளை அடுக்கணும்."

அவர் எழுந்து மேற்கே பார்த்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அவருக்கு ஏதோ தெரிந்தது. "அடிவானத்துல மூட்டமா கீது டீச்சரம்மா. ரெண்டு நாள் பொறுத்துகினா இன்னா?"

"பொறுக்க முடியாது."

"அப்ப பாதி தொறக்கலாம். பாதி இருக்கட்டும்."

"எல்லாத்தையும் எடுங்கன்னு சொல்றேன்!" என்று கத்தினேன். அவர் என்னையும் என் இடுப்பிலிருந்த வெறும் குடத்தையும் ஒருமுறை பார்த்தார். அவர் மனைவி வந்து ஒரு பக்கம் பிடிக்க, இரண்டு பேருமாகக் கீற்றை எடுத்து மனையோரம் அடுக்க ஆரம்பித்தார்கள். நானும் சேர்ந்து எடுத்தேன். அந்த நேரத்தில் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அந்த வாரத்தில் யாரும் எதையும் முடிவாகச் சொல்லவில்லை. நான் ஒருத்திதான் சொன்னேன் என்ற கர்வம் வேறு.

அன்று பள்ளிக்கூடம் அரை நாள். மத்தியானம் மனைக்குப் போய்ப் பார்த்தேன், கல் நன்றாகக் காய்ந்திருந்தது. அங்கேயே இருந்துவிட்டேன். நாலரை மணிக்குக் காற்று நின்றது. ஏரிப் பக்கம் ஓர் இலை அசையவில்லை. பிறகு மேற்கேயிருந்து புழுதியைத் தூக்கிக்கொண்டு காற்று வந்தது. அதன் பின்னாலேயே இருட்டு. மூன்று பேரும் ஓடினோம். கீற்றைத் தூக்கினால் காற்று கையிலிருந்து பிடுங்கி எறிகிறது. ஒரு வரிசையை மூடிவிட்டு அடுத்ததற்குப் போவதற்குள் முதல் வரிசை திறந்துகொள்கிறது. பெரிய பெரிய துளியாக விழுந்தது. காய்ந்த கல்லின் மேல் விழுந்த இடமெல்லாம் முதலில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. அப்புறம் புள்ளி எதுவும் தனியாகத் தெரியவில்லை.

இருபது நிமிஷம் இருக்கும். அதற்கு மேல் இல்லை. நின்றபோது மறுபடி வெயில்கூட அடித்தது, மஞ்சளாக. கற்கள் மூலை மழுங்கி, ஒன்றன் மேல் ஒன்று சரிந்து கிடந்தன. வரிசைகளுக்கு நடுவே பழுப்பாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கல் அறுக்கிறவரின் மனைவி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அவர் மட்டும் ஒவ்வொரு வரிசையாக நடந்து, அடியில் கைவிட்டு, முழுசாக நின்ற கற்களைத் தனியே எடுத்து வைத்தார். ஆயிரம்கூடத் தேறாது. "உன்னாலதான்" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

செங்கல்பட்டு பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே அங்கே வந்தார் என் கணவர். சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். பார்த்தார். பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு சேற்றில் இறங்கி, கல் அறுக்கிறவரோடு சேர்ந்து பொறுக்கினார். யார் திறக்கச் சொன்னது என்று அவர் கேட்கவே இல்லை. பயந்தாங்கொள்ளி என்று நான் சொன்னதற்குப் பதிலாக ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை, அவர் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன். சொல்லாததால் அழக்கூட வழியில்லாமல் நின்றேன். அவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. இதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான்.

மண் எங்கும் போய்விடாது. அதையே திரும்பக் குழைத்து மிதித்து அறுக்கலாம். அப்படித்தான் செய்தோம். ஆனால் மறுபடி கூலிக்குப் பணம் புரட்டி முழுக்க அறுத்துக் காய்வதற்குள் அந்த வருஷத்து வெயில் காலம் முடிந்துவிட்டது. மீதியை மறு வருஷம் அறுத்து, மறு வருஷம்தான் வீடு எழும்பியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கார அம்மா எங்கள் பின்கட்டு வாசலுக்கு வந்தார். ஊரெல்லாம் தெரிந்துபோயிருந்தது. அவர் முகத்தில் நிஜமாகவே வருத்தம் இருந்தது, அதை நான் மறைக்க விரும்பவில்லை.

"கேள்விப்பட்டேன்மா. மனசே ஆறல. வைகாசின்னு சொன்னதெல்லாம் விடு. வூடு கட்டி முடிக்கிற வரைக்கும் இங்கயே இருந்துக்கோங்க." கொஞ்சம் நிறுத்தினார். சின்ன மாமனார் வந்துபோன பிறகு முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணுதான். கெணத்துல மட்டும் நீ கை வெக்காதே. நான் ஆள் வெச்சி உனக்குத் தண்ணி எறைச்சி ஊத்தச் சொல்றேன்."

அப்போதுதான் நேராகச் சொன்னார். இத்தனை நாளாக நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த நேர்ப்பேச்சு அதுதான். கேட்பதற்கு என்னிடம் நாலு வார்த்தை இல்லை, நாற்பது வார்த்தை இருந்தது. பின்னால் என் கணவர் எழுந்து வந்து நின்ற சத்தம் கேட்டது. போக வேறு வீடு இல்லை. என் கால்விரல் இடுக்கில் முந்தின நாள் சேறு காய்ந்திருந்தது.

"நல்லதுங்க" என்றேன். அந்த வாரம் ரேடியோவை வைதேன், வானத்தை வைதேன், கல் அறுக்கிறவரை வைதேன், கட்டினவரை வைதேன். அத்தனையும் வைத வாய், வைய வேண்டிய ஒரே இடத்தில் அதைத்தான் சொன்னது.